சுவரில் கிறுக்கியதற்கு மூன்று மணி நேரம் கியூவா?

"சுவத்துல கிறுக்கி வெச்சதைப் பார்க்கவா இம்புட்டுக் கூட்டம்?"

2009 ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மியூசியத்துக்கு வெளியே நெளிந்து வளைந்து போன வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டவர் விஷயம் தெரியாதவர் இல்லை. இருபத்தைந்து வருஷம் கோவில்பட்டி வட்டாரத்தில் சுவர் சுவராக எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். சிமென்ட், உரம், வேட்டி, டுடோரியல், தேர்தல் என்று அவர் தூரிகை படாத சுவர் எங்கள் பக்கம் குறைவு. டிஜிட்டல் பேனர் வந்தது. ஒரு மணி நேரத்தில் அச்சாகி, குதிரை உயரத்துக்குத் தலைவரின் முகமும் சேர்ந்து வந்துவிடும்போது, ஏணி போட்டு இரண்டு நாள் எழுதுகிறவரை யார் கூப்பிடுவார்கள்? நாங்கள் விமானம் ஏறியபோது அவர் தூரிகையைக் கழுவி வைத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

மகள் அங்கே நர்ஸ். முதல் பிரசவத்துக்காகப் போயிருந்தோம். பேரன் பிறந்து ஆறு வாரம் ஆகியும் நாங்கள் இருவரும் வீட்டையும் பக்கத்துப் பூங்காவையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்த ஒருநாள் மகள்தான் விரட்டினாள். "அப்பா, உங்க தொழில்காரர் ஒருத்தரோட கண்காட்சி நடக்குது. ஊரே போய்ப் பார்க்குது. போய்ட்டு வாங்க." எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு, பஸ் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

மகள் சொன்ன அந்தத் 'தொழில்காரர்' பேங்க்ஸி. உலகத்திலேயே அதிகம் பேசப்படும் சுவர் ஓவியர். பிரிஸ்டல்காரர் என்பது ஊருக்கே தெரியும். முகம் மட்டும் வெளியே வந்ததில்லை. ராத்திரியோடு ராத்திரியாக வந்து வரைந்துவிட்டுப் போய்விடுவார். காரணம் எளிது. அடுத்தவர் சுவரில் அனுமதியில்லாமல் வரைவது அங்கே குற்றம். நம்மூரிலும் அப்படித்தான். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959-லேயே வந்துவிட்டது. என்ன, நம்மூரில் அந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. "இந்தச் சுவர் இத்தனாம் வருஷம் வரை இந்தக் கட்சிக்கு" என்று சுவரிலேயே முன்பதிவு செய்து எழுதி வைக்கிற ஊர் நம்முடையது. அந்த முன்பதிவையும் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கியவர்தான் என் வீட்டுக்காரர்.

மியூசியத்துக்குப் போகிற வழியில், பார்க் ஸ்ட்ரீட் ஏற்றத்தில் பஸ் ஜன்னல் வழியாகவே பேங்க்ஸியின் படம் ஒன்று கண்ணில் பட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு கட்டடத்தின் மேல்மாடி ஜன்னலில் கோட்டு போட்ட கணவன் எட்டிப் பார்க்கிறான். பக்கத்தில் மனைவி. ஜன்னல் விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்தபடி, உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் ஓர் ஆண் தொங்குகிறான். அவ்வளவுதான் படம். 2006-ல் இது வந்தபோது, அழிப்பதா விடுவதா என்று நகராட்சி இணையத்தில் மக்களிடமே கேட்டதாம். நூற்றுக்கு 97 பேர் "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் பார்த்த அன்று அதன்மேல் திட்டுத்திட்டாக நீலப் பெயிண்ட் தெறித்திருந்தது. பிடிக்காத யாரோ ஜூன் மாதம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நல்ல உயரம்"ன்னார் இவர். "சாரம் கட்டாம எப்படி ஏறினான்?"

படத்தைப் பார்த்ததும் அவருக்கு வந்த முதல் கேள்வி அதுதான்.

புகையிலைக்காரர் கட்டிக் கொடுத்த மாளிகை

வரிசை ஊர்ந்தது. மழை தூறியது, நின்றது, மறுபடி தூறியது. யாரும் முண்டவில்லை, முணுமுணுக்கவில்லை. தள்ளுவண்டியில் குழந்தை, சக்கர நாற்காலியில் பாட்டி, பச்சை முடிப் பையன்கள், கழுத்தில் டை கட்டிய கனவான் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். எலுமிச்சைச் சாதத்தை நின்றபடியே முடித்தோம். மூன்று மணி நேரம். அந்தக் கண்காட்சிக்கு அது சாதாரணம் என்று பிறகு தெரிந்தது. அனுமதி இலவசம் என்பதும் கூட்டத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். இலவசம் என்றால் வெள்ளைக்காரர்களும் வரிசையில் நிற்கத்தான் செய்கிறார்கள்.

அந்த நேரத்தில் கட்டடத்தை நன்றாகப் பார்த்தோம். ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்துக் கட்டடம், 1905-ல் திறந்தது. தூண்களும் சிற்பங்களுமாக மணல் நிறக் கல்லில் அரண்மனை மாதிரி நிற்கிறது. கட்டப் பணம் கொடுத்தவர் சர் வில்லியம் ஹென்றி வில்ஸ் என்று படித்துச் சொன்னேன். புகையிலை வியாபாரக் குடும்பம்.

"வில்ஸா? சிகரெட்டு வில்ஸா?"

அதேதான். நம்மூர்ப் பெட்டிக்கடையில் பல வருஷம் விற்ற வில்ஸ் சிகரெட்டின் பெயர் இந்த பிரிஸ்டல் குடும்பத்திலிருந்து வந்தது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவங்களுக்கு நான் சுவர் எழுதியிருக்கேன்டி! எட்டயபுரம் ரோட்டுல, ரைஸ்மில் சுவத்துல!" புகையிலை விளம்பரத்துக்குச் சட்டம் தடை போடுவதற்கு முந்தின கதை. அதற்கப்புறம் அந்த வரிசையில் அவர் விருந்தாளி மாதிரி இல்லை, பாக்கி வசூலிக்க வந்தவர் மாதிரி நின்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். சுவர் ஓவியத்துக்கும் பிரிஸ்டல் நகரத்துக்கும் உறவு சுமுகமாகத் தொடங்கவில்லை. 1980-களில் பார்ட்டன் ஹில் என்ற ஏழைகள் பகுதியில் இருந்த இளைஞர் மன்றம்தான் ஸ்பிரே பெயிண்ட் பிடித்த பையன்களுக்குப் புகலிடம். அங்கே ஜான் நேஷன் என்பவர் அவர்களைச் சுவரில் வரைய விட்டார். 1989-ல் 'ஆபரேஷன் ஆண்டர்சன்' என்று பெயர் வைத்துப் போலீஸ் வீடு வீடாகப் புகுந்து டஜன் கணக்கில் பையன்களைப் பிடித்தது. சுவரில் வரைந்ததைச் சுரண்டி எடுக்க நகராட்சி ஆட்களை வைத்திருந்தது. இருபது வருஷம் கழித்து அதே நகராட்சியின் மியூசியத்திலேயே, எகிப்து மம்மிகளுக்கும் பழைய எண்ணெய் ஓவியங்களுக்கும் நடுவே, அந்தக் கூட்டத்திலிருந்து வந்த ஒருவருக்கு மொத்த மாளிகையையும் திறந்து விட்டிருந்தார்கள். அதுவும் எப்படி? மியூசியத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும் தெரிய, ரகசியமாகவே ஏற்பாடு நடந்தது. நகராட்சியின் பெரிய அதிகாரிகளுக்கே கடைசி நேரத்தில்தான் விவரம் தெரிந்ததாம். 'பேங்க்ஸிக்கும் பிரிஸ்டல் மியூசியத்துக்கும் போட்டி' என்கிற மாதிரித்தான் கண்காட்சிக்குத் தலைப்பே வைத்திருந்தார்கள்.

கதிர் பொறுக்கியவள் ஓய்வெடுக்கிறாள்

உள்ளே நுழைந்ததும் பெரிய கூடம். மேலே உத்தரத்திலிருந்து பழைய காலத்து இரட்டை இறக்கை விமானம் ஒன்று தொங்குகிறது. அது மியூசியத்தின் சொந்தச் சொத்து. அதற்குக் கீழே, எரிந்து கரிந்துபோன ஐஸ்கிரீம் வண்டி. இது பேங்க்ஸி கொண்டுவந்தது. பக்கத்தில், குழந்தைகள் காசு போட்டு ஆடுகிற குதிரை பொம்மைமேல் கலவரத் தடுப்புப் போலீஸ்காரர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு முன்னால் நின்ற நாலு வயசுப் பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கூடமெல்லாம் கேட்டது. பெற்றவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள்.

மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள். பாதிக்கு மேல் அதுவரை யாரும் பார்க்காதவை. ஓர் அறையில் மிருகக்காட்சிசாலை மாதிரி கூண்டுகள். மரக்கிளையில் சிறுத்தை படுத்து வாலை ஆட்டுகிறது என்று கிட்டப் போனால், அது சிறுத்தைத் தோல் கோட்டு. மீன் தொட்டியில் நீந்துவது மீன் இல்லை, பொரிக்கத் தயாராகப் பாக்கெட்டில் விற்கும் மீன் துண்டுகள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒரு முயல் மேக்கப் போட்டுக்கொள்கிறது. அழகுசாதனப் பொருட்களை எதன்மேல் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அங்கே சிரிப்பு வராது.

எனக்குப் பிடித்தது மாடியில் இருந்தது. மில்லே என்ற பிரெஞ்சு ஓவியர் 1857-ல் வரைந்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களை மூன்று ஏழைப் பெண்கள் குனிந்து பொறுக்குகிறார்கள். மூலப் படம் பாரிஸில் இருக்கிறது. பேங்க்ஸியின் நகலில் இரண்டு பேர்தான் வயலில் இருக்கிறார்கள். மூன்றாமவள் இருந்த இடத்தில் ஓட்டை. அவள் படத்தை விட்டு இறங்கி வந்து சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். களையெடுத்துவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் எனக்கு நினைவு வந்தார்கள். நூற்றைம்பது வருஷமாகக் குனிந்தே நின்றவளுக்கு யாரோ ஒருவர் உட்கார இடம் கொடுத்திருக்கிறார். நான் அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

எல்லாமே பிடித்தது என்று சொல்லமாட்டேன். சிலது வெறும் ஜோக். ஒருதரம் சிரித்தால் முடிந்துபோகும். சிலதில் அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்ற அவசரம் மட்டுமே தெரிந்தது. மியூசியத்தின் பழைய பொருட்களுக்கு நடுவே இவருடையதை ஒளித்து வைத்துத் தேட விட்டிருந்ததுதான் உண்மையான வேடிக்கை. அந்தத் தேடலில், வழக்கமாக யாரும் எட்டிப் பார்க்காத சீனப் பீங்கான் அலமாரி முன்னால்கூட ஜனங்கள் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

பாலம் எங்கே இருக்கிறது?

இவரைக் காணோம். தேடிப் போனால், கீழே ஓர் அறையில் தடுப்புக் கயிற்றின்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறார். அது பேங்க்ஸியின் பட்டறை மாதிரியே அமைத்த இடம். பெயிண்ட் டப்பாக்கள், கோட்டோவியங்கள், வெட்டி மாட்டிய ஸ்டென்சில் அட்டைகள். மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். இவர் நகரவே இல்லை.

ஸ்டென்சில் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அட்டையிலோ தகட்டிலோ உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்து மேலே பெயிண்ட் அடிப்பார்கள். அட்டையை எடுத்தால், வெட்டிய இடம் மட்டும் சுவரில் படமாக நிற்கும். மின்கம்பத்தில் நம்பர் போடுவது, சாக்கு மூட்டையில் முத்திரை குத்துவது எல்லாம் இப்படித்தான். தேர்தல் நேரத்தில் இரண்டு வாரத்தில் நானூறு சுவரில் சின்னம் வரைய வேண்டும் என்றால் கையால் முடியுமா? ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட எக்ஸ்ரே ஃபிலிமைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, அதில் சின்னத்தை வெட்டி வைத்துக்கொள்வார். இரட்டை இலைக்கு ஒன்று, உதயசூரியனுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. எங்கள் வீட்டுப் பரணில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சாக்கில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூஜ்யம் ஒன்றை வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிவட்டத்தை வெட்டியதும் நடுவில் இருக்கும் துண்டு பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். விழாமல் இருக்க இரண்டு பக்கமும் மெல்லிய பட்டை விட்டு வெட்ட வேண்டும். அதை இவர் 'பாலம்' என்பார். பாலம் ரொம்ப மெலிதாக இருந்தால் பத்துச் சுவரில் அறுந்துவிடும். ரொம்ப அகலமாக இருந்தால் படத்தில் கோடு கோடாகத் தெரிந்து அசிங்கமாக இருக்கும். முகம் வெட்டும்போது இன்னும் சிரமம். பாலத்தை மூக்கு நிழலிலோ, காலர் மடிப்பிலோ, பாலம் என்றே தெரியாதபடி ஒளித்து வைக்க வேண்டும். தொழில் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்று அதில் தெரிந்துவிடும்.

"இங்க பாரு" என்று என்னைப் பக்கத்தில் இழுத்தார். "இந்த மூஞ்சியில பாலம் எங்க இருக்கு, சொல்லு பாப்போம்?"

எனக்குத் தெரியவில்லை.

"கண்ணு இமைக்குக் கீழ ஒண்ணு. உதட்டு ஓரத்துல ஒண்ணு. நிழல் மாதிரி விட்டுருக்கான் பாரு. கெட்டிக்காரப் பய."

அவர் வாயிலிருந்து இன்னொரு பெயிண்டரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எல்லோரிடமும் ஒரு நொட்டை கண்டுபிடிப்பார்.

பேங்க்ஸி ஸ்டென்சிலுக்கு வந்த கதையை அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பதினெட்டு வயதில் ஒரு ராத்திரி வரைந்துகொண்டிருந்தபோது போலீஸ் வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் ஓடிவிட, இவர் ஒரு லாரிக்கு அடியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பதுங்கிக் கிடந்தாராம். தலைக்கு மேலே டீசல் டேங்கில் ஸ்டென்சிலில் அடித்த எழுத்து. இப்படிச் செய்தால் பாதி நேரத்தில் முடித்துவிட்டு ஓடிவிடலாமே என்று அப்போது தோன்றியதாம். இதை நான் வீட்டுக்கு வந்தபிறகு மகளிடமிருந்து தெரிந்துகொண்டு இவரிடம் சொன்னேன்.

"அவன் போலீசுக்குப் பயந்து சீக்கிரம் முடிச்சான். நான் கூலிக்குப் பயந்து சீக்கிரம் முடிச்சேன்" என்றார். சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய் வாங்கிய காலம் அது. ஒரு சுவர் தாமதமானால் அடுத்த சுவரை வேறொருவர் பிடித்துவிடுவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. "இதெல்லாம் உள்ளாற இருக்கக் கூடாது. சுவத்துல எழுதினா பஸ்ல போறவன் பார்க்கணும். மூணு செகண்டுதான் அவனுக்கு. அதுக்குள்ள புரியணும், சிரிக்கணும். இங்க வந்து அரைமணி நேரம் நின்னு பாத்தா அதுக்கு என்ன அர்த்தம்?" அரைமணி நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

அன்று பார்த்தவற்றில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பாராளுமன்றம், அதில் எம்.பி.க்கள் இடத்தில் சிம்பன்சிகள். நான்கு மீட்டர் அகலமுள்ள எண்ணெய் ஓவியம். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 2019 அக்டோபரில், லண்டன் ஏலத்தில் அது 99 லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 86 கோடி ரூபாய். செய்தியைப் படித்துக் காட்டியபோது இவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சதுர அடிக்கு என்ன வருது?" என்று கேட்டார். கணக்குப் போட நான் மறுத்துவிட்டேன்.

கண்காட்சி அந்த ஆகஸ்ட் 31-ம் தேதி முடிந்தது. பன்னிரண்டு வாரத்துக்குள் மூன்று லட்சத்துக்கும் மேலானவர்கள் வந்திருந்தார்கள். அந்த அளவு நகரத்துக்கு அது கொஞ்சநஞ்சக் கூட்டம் இல்லை. ஆனாலும் தெருவில் இருந்தவை தெருவில்தான் இருந்தன. அவற்றின் தலையெழுத்தும் தெருவின் தலையெழுத்துதான். ஈஸ்ட்வில் பகுதியில் ஒரு கட்டடச் சுவரில் பேங்க்ஸி வரைந்த கொரில்லா ஒன்று ரோஸ் நிற முகமூடியோடு பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. 2011-ல் அந்தக் கட்டடத்துக்குப் புதிதாக வந்தவர்கள், யாரோ கிறுக்கியது என்று நினைத்து வெள்ளையடித்துவிட்டார்கள். அப்புறம் விவரம் தெரிந்து வருத்தப்பட்டார்கள் என்று செய்தி வந்தது. இதைச் சொன்னபோது இவர் வெள்ளையடித்தவர்கள் பக்கம்தான் பேசினார். "சுவத்துக்காரன் அடிக்காம வேற யாரு அடிப்பா? என்னோட எழுத்துல எத்தனைக்கு நானே வெள்ளை அடிச்சிருக்கேன்."

பதினைந்து வருஷம் கழித்து

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், 2024 கோடையில், மறுபடி போனோம். ஆறு வாரக் குழந்தையாக விட்டுவிட்டுப் போன பேரனுக்குப் பதினைந்து வயது. தாத்தாவைவிட ஒரு சாண் உயரம். தமிழ் புரியும், பதில் பாதி இங்கிலீஷில் வரும். அவன்தான் இந்தமுறை வழிகாட்டி.

மியூசியத்தில் வரிசை இல்லை. நேரே உள்ளே போனோம். (லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம். அனுமதி இப்போதும் இலவசம். திங்கட்கிழமை மட்டும் போய் ஏமாறாதீர்கள், பெரும்பாலும் மூடியிருக்கும்.) விமானம் அதே இடத்தில் தொங்கியது. அதற்குக் கீழே ஐஸ்கிரீம் வண்டி இல்லை. ஆனால் 2009 கண்காட்சியிலிருந்த ஒன்று மட்டும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டது. கல்லில் செதுக்கிய மாதிரி ஒரு தேவதைச் சிலை. தலையில் பெயிண்ட் டப்பா கவிழ்ந்து, ரோஸ் நிறப் பெயிண்ட் முகத்திலும் தோளிலும் வழிகிறது. முதல்தடவை வந்தபோது கூட்டத்தில் இதைக் கவனித்த ஞாபகமே எனக்கு இல்லை. இப்போது பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

"ஏணியில ஏறும்போது எனக்கும் ஒருதரம் இப்படித்தான் கவிழ்ந்துச்சு" என்று பேரனிடம் சொன்னார். "உங்க ஆச்சி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு எடுத்தா."

"ரியலி, ஆச்சி?"

நிஜம்தான். தீபாவளிக்கு முந்தின நாள். எனாமல் பெயிண்ட். காதுக்குள் போனதை எடுக்கப் பொங்கல் வந்துவிட்டது.

அங்கிருந்து துறைமுகப் பக்கம் அழைத்துப் போனான். 1950-களில் கப்பல் சரக்குகளுக்காகக் கட்டிய பழைய கிட்டங்கியை 'எம் ஷெட்' என்ற மியூசியமாக மாற்றியிருக்கிறார்கள். 2021-ல் பிரிஸ்டல் சுவர் ஓவியங்களின் வரலாற்றைச் சொல்லும் பெரிய கண்காட்சி இங்கே நடந்திருக்கிறது. பார்ட்டன் ஹில் பையன்களின் கதையெல்லாம் அதில் வந்ததாம். நாங்கள் போனபோது அது இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற பதினேழாம் நூற்றாண்டு வியாபாரியின் வெண்கலச் சிலை. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகப் பிடித்து விற்ற கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். 2020 ஜூன் 7-ம் தேதி ஊர்வலமாக வந்தவர்கள் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளி, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் போட்டார்கள். சில நாளில் நகராட்சி வெளியே எடுத்தது. இப்போது அந்தச் சிலை நிற்கவில்லை, மல்லாந்து படுத்திருக்கிறது. மேலே அன்றைக்கு அடித்த சிவப்பும் நீலமுமான ஸ்பிரே பெயிண்ட் அப்படியே இருக்கிறது. சேற்றைக் கழுவியவர்கள், அந்தப் பெயிண்ட் உதிர்ந்துவிடாமல் பக்குவப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

சுவரிலிருந்து பெயிண்டைச் சுரண்ட ஆள் வைத்திருந்த நகரம், சிலைமேல் யாரோ கோபத்தில் அடித்த பெயிண்டைக் காப்பாற்ற நிபுணர்களை வைத்திருக்கிறது. நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "அடிச்சவனுக்குக் கை பழக்கமில்லை. ஒழுக விட்டுட்டான்" என்றார். பக்கத்திலிருந்த பேரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

அன்று ராத்திரி பேரன் கேட்டான். "தாத்தா, வில் யூ டீச் மீ? ஒரு ஸ்டென்சில் கட் பண்ணித் தரீங்களா?"

எழுபத்திரண்டு வயதில் விரல் லேசாக நடுங்கும். சட்டை பட்டன் போடவே நேரம் பிடிக்கும். முடியாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். காலை உணவுச் சோளப்பொரி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்து, மகளிடம் பிளேடு கேட்டார். பேரன் பெயரின் முதலெழுத்து 'ண' மாதிரிச் சுழி உள்ளதாக இருந்திருந்தால் பாடுபட்டிருப்பார். நல்லவேளை, 'க'. அதிலும் ஒரு மூடிய வளைவு உண்டு. பாலம் எங்கே விடுவது என்று பேரனையே கேட்டார். அவன் தப்பாகக் காட்டினான். துண்டு கீழே விழுந்தது. இன்னொரு பெட்டியைப் பிரித்தார்கள். என் மகள் சோளப்பொரியை டப்பாவுக்கு மாற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிவரை மேஜையில் விளக்கு எரிந்தது.

மறுநாள் பெட்மின்ஸ்டர் பகுதியில் டீன் லேன் என்ற தெருவில் இருக்கும் ஸ்கேட்டிங் மைதானத்துக்குப் போனோம். அங்கே சுவரில் யார் வேண்டுமானாலும் வரைகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை அடுக்குப் பெயிண்ட் என்று சொல்லமுடியாது. சுவர் ஓரம் உரிந்த இடத்தில் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி அடுக்குகள் தெரிகின்றன. அட்டையைப் பேரன் பிடித்துக்கொண்டான். ஸ்பிரே டப்பாவை இவர் அதற்கு முன்னால் தொட்டதில்லை. இவருக்குத் தெரிந்தது தூரிகையும் ஸ்பாஞ்சும்தான். "தள்ளிப் பிடிங்க தாத்தா, க்ளோஸா பிடிச்சா ஒழுகும்" என்று அவன் சொல்லிக் கொடுத்தான். அடித்தார். அட்டையை எடுத்தார்கள். உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுக்கு, ஓரம் கலங்காமல், கறுப்பில் ஒரு 'க'.

ஸ்கேட்டிங் பலகையோடு நின்ற ஒரு பெண் அது என்ன எழுத்து என்று கேட்டாள். பேரன் விளக்கினான். இவர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு தெருவின் அந்தப் பக்கம்வரை நடந்துபோய் அங்கிருந்தும் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அதே சுவர். 'க' இருந்த இடத்தில் பச்சையும் மஞ்சளுமாகப் பெரிய ஆக்டோபஸ் ஒன்று. கீழே அழுகிற பொம்மை முகம் போட்டு 'ஸாரி தாத்தா' என்று எழுதியிருந்தான்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாள் இருந்துச்சாம்? கேளு."

கேட்டேன். பதினாறு நாள் என்று பதில் வந்தது.

"பதினாறு நாளா? பரவால்லையே! நம்மூர்ல எழுதின ஈரம் காயறதுக்குள்ள ஒருத்தன் போஸ்டர் ஒட்டிருவான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஆக்டோபஸை எதில் வரைந்தார்கள், தூரிகையா ஸ்பிரேயா என்று விசாரிக்கச் சொன்னார்.